அத்தானுக்கு நான் பதில் சொல்லலாமா, கூடாதா?

நெல்லைப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து ஓர் ஆசிரியை நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 43. வீட்டில் கணவர், கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் மகன், 71 வயது மாமியார். கணவரின் அண்ணன் அடுத்த தெருவில் தனியாக இருக்கிறார். அவருடைய மனைவி இரண்டு வருடத்துக்கு முன்பு நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். வைத்தியச் செலவுக்காக விற்ற வீட்டுமனையும் போனது, ஆளும் போனது. அதற்குப் பிறகு அவர் ஒரு ஜெபக்குழுவில் சேர்ந்தார். டாக்டர், மாத்திரை, மேற்படிப்பு என்று எதைப் பேசினாலும் "இவ்வுலகத்தின் ஞானம் தேவனுக்கு முன்பாகப் பைத்தியமாயிருக்கிறது" என்ற ஒரே வசனத்தால் தள்ளிவிடுகிறார். விடிந்தால் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு வீடியோ. வாசகி அதுவரைக்கும் பொறுத்துக்கொண்டார். போன மாதம்தான் தெரிந்தது, மாமியார் மூன்று வாரமாகச் சர்க்கரை மாத்திரையே போடவில்லை. "பெரியவன் ஜெபம்பண்ணிட்டு நிறுத்தச் சொன்னான்" என்றாராம்.

அன்று இரவு சண்டை. வாசகி கோபத்தில், "நீங்க ஒரு மூடன் அத்தான், உங்களுக்கு வைத்தியமும் தெரியாது, பைபிளும் தெரியாது" என்று சொல்லிவிட்டார். அவர் பதிலே பேசாமல் மத்தேயு 5:22-ஐ எடுத்து, "மூடனே என்று சொல்லுகிறவன் எரிநரகத்துக்கு ஏதுவாயிருப்பான்" என்று வாசித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து வாசகிக்குத் தூக்கம் இல்லை. போன ஞாயிறு சபையில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்கும் போகவில்லை.

அப்புறம் வேதத்தைப் புரட்டியிருக்கிறார். நீதிமொழிகள் 26:4 சொல்கிறது: "மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே, கொடுத்தால் நீயும் அவனைப் போலாவாய்." அடுத்த வசனமே இப்படி: "மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடு, கொடாவிட்டால் அவன் தன் பார்வைக்கு ஞானியாயிருப்பான்." பின்னால் நின்று எட்டிப் பார்த்த மகன் சிரித்துவிட்டானாம். "பேசினாலும் தப்பு, பேசாட்டியும் தப்பு. இதை வெச்சுக்கிட்டு என்னம்மா செய்யறது?" பதில் சொல்லத் தெரியாமல் வாசகி எனக்கு எழுதியிருக்கிறார்.

சகோதரி,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருப்பதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். அத்தை இப்போதும் மாத்திரையை ஒரு நாள் போடுகிறார், ஒரு நாள் விட்டுவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வசனத்தை நாளைக்குக்கூடப் பேசிக்கொள்ளலாம். அத்தையின் சர்க்கரை அப்படிக் காத்துக்கொண்டிருக்காது.

மாத்திரை விஷயம் முதலில்

நான் வைத்தியன் இல்லை, இறையியல் படித்துவிட்டுக் குடும்ப ஆலோசனைக்கு வந்தவன். அதனால் மருந்தின் அளவைப் பற்றி எதுவும் சொல்லமாட்டேன். இந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வெறும் வயிற்றில் எடுப்பதோடு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையும் சேர்த்து. மூன்று வாரம் விட்டதையும், இப்போது விட்டுவிட்டுப் போடுவதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்குள் அத்தைக்கு அடங்காத தாகம், வாந்தி, மூச்சு வேகமாக வாங்குவது, அளவுக்கு மீறிய தூக்கம், பேச்சில் தடுமாற்றம் என்று ஏதாவது தெரிந்தால் பரிசோதனைக்கு நாள் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஜெபக்குழுவில் உபவாச நாள் வைத்திருப்பார்கள். சில மாத்திரைகளைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம், அதையும் டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காபியில் மாத்திரையைப் பொடித்துக் கலந்து கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். சர்க்கரை மாத்திரைகளில் சில மெதுவாகக் கரைய வேண்டும் என்றே செய்யப்பட்டவை, அவற்றைப் பொடிக்கவே கூடாது. அது ஒரு காரணம். இன்னொன்று, அத்தை சுயநினைவோடு, தெளிவாக இருக்கிறவர். மருந்து வேண்டும், வேண்டாம் என்று முடிவு செய்யும் உரிமை அவருடையது. பெரிய மகன் ஜெபத்தின் பேரால் எடுத்துக்கொண்ட அந்த உரிமையை நீங்கள் காபி டம்ளரின் பேரால் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு நாள் விஷயம் தெரிந்தால் அப்புறம் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்.

அத்தையிடம் தனியாகப் பேசுங்கள், உங்கள் கணவரும் கூட இருக்கட்டும். "அத்தானுக்கு என்ன தெரியும்" என்று ஆரம்பிக்காதீர்கள், அவர் பெற்ற பிள்ளை அது. "ஜெபம் நடக்கட்டும் அத்தை, மாத்திரையும் நடக்கட்டும்" என்று சொன்னால் போதும். உங்கள் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு இல்லையென்றால் வேறு ஆளைப் பேசவிடுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அப்படி வரும் தன்னார்வலரிடமோ கிராமச் செவிலியரிடமோ விஷயத்தைச் சொல்லிவையுங்கள். மருமகள் சொன்னால் வம்பு, நர்ஸம்மா சொன்னால் வைத்தியம். நம் வீடுகளில் இது பழைய கதைதானே.

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, பிள்ளைகள் தரவேண்டிய பராமரிப்பில் சாப்பாடு, உடை, தங்குமிடத்தோடு வைத்தியத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஆனால் அது வைத்தியம் மறுக்கப்பட்ட பெற்றோர் கையில் எடுக்க வேண்டிய சட்டம். தானாகவே மாத்திரையை நிறுத்தியவர் விஷயத்தில் அதைத் தூக்கினால், குடும்பம் உடைவதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

சரி, இனி வசனத்துக்கு வருவோம்.

இரண்டும் ஏன் பக்கத்துப் பக்கத்தில்?

உங்கள் மகன் கண்டுபிடித்ததை அவனுக்கு முன்பே கண்டுபிடித்தவர்கள் உண்டு. சுமார் 1,500 வருடத்துக்கு முன் தொகுக்கப்பட்ட பாபிலோனியத் தால்முத் என்ற யூத மதநூலில் இது அப்படியே பதிவாகியிருக்கிறது. நீதிமொழிகள் புத்தகத்தை ஜனங்கள் கையில் கொடுக்காமல் ஒதுக்கிவைத்துவிடலாமா என்று யூத அறிஞர்கள் யோசித்தார்களாம். காரணமாக அவர்கள் சொன்னது இதே இரண்டு வசனங்களைத்தான். கடைசியில் ஒதுக்கவில்லை. ஒன்று வேதத்தைப் பற்றிய பேச்சுக்கு, மற்றது உலக காரியங்களுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். வேதத்தைக் கிண்டல் செய்பவனுக்குப் பதில் சொல்லலாம், சொந்த விஷயத்தில் வம்புக்கு இழுப்பவனுக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்பது அவர்கள் எடுத்த வழி. மகனிடம் இதைச் சொல்லுங்கள். தான் பார்த்த முரண்பாட்டைப் பார்த்துப் பெரியவர்களே திகைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அவனுக்குக் கொஞ்சம் மரியாதை வரும், வேதத்தின் மேலும், தன் மேலும்.

எனக்கு அந்தப் பிரிப்பு முழுத் திருப்தி தரவில்லை. என் வழி இன்னும் எளிது. இரண்டு வசனத்திலும் முதல் பாதியை மட்டும் பார்த்தால் முரண். பின்பாதியைப் பாருங்கள். முதல் வசனத்தில் நஷ்டம் உங்களுக்கு, "நீயும் அவனைப் போலாவாய்." இரண்டாவதில் நஷ்டம் அவனுக்கு, "தன் பார்வைக்கு ஞானியாயிருப்பான்." அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கும்தான் நஷ்டம். ஆக, பேசலாமா கூடாதா என்று கேட்பதைவிட, இப்போது நான் பேசினால் யார் கெட்டுப்போவார்கள், பேசாவிட்டால் யார் கெட்டுப்போவார்கள் என்று கேட்டுப் பார்ப்பதுதான் உதவும். தொகுத்தவர்கள் தெரிந்தேதான் இரண்டையும் ஒட்டிவைத்திருக்கிறார்கள். தனித்தனி மூலையில் இருந்திருந்தால் நாம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மற்றதை மறந்துவிடுவோம்.

நம்மிடமும் இந்த வழக்கம் உண்டுதானே. "மௌனம் கலக நாசம்" என்கிறோம். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்றும் சொல்கிறோம். ஊழைவிட வலிமையானது எது என்று கேட்ட வள்ளுவர்தான், சளைக்காமல் உழைப்பவர்கள் ஊழையும் புறங்காண்பார்கள் என்று வேறு அதிகாரத்தில் எழுதினார். பழமொழி சட்டப்பிரிவு மாதிரி எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. எந்த நேரத்தில் எதை எடுப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதே 26-ம் அதிகாரத்தில் இன்னும் நாலு வசனம் தள்ளிப் போனால், மூடன் வாயில் அகப்பட்ட பழமொழியை குடிவெறியன் கையில் அகப்பட்ட முள்ளுக்கு ஒப்பிட்டிருக்கிறது. சொல் நல்ல சொல்லாகவே இருக்கலாம், பிடித்த கைதான் குத்துகிறது.

இரண்டு வசனத்தையும் ஒரே ராத்திரியில் கைக்கொண்ட ஒரு பெண்மணி வேதத்தில் இருக்கிறாள். 1 சாமுவேல் 25-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நாபாலுக்கு மூவாயிரம் ஆடு, ஆயிரம் வெள்ளாடு. அவன் பெயருக்கே மூடன் என்றுதான் பொருள். தாவீதின் ஆட்களை அவமானப்படுத்தி அனுப்பிவிட்டான், தாவீது நானூறு பேரோடு வாள் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டான். வேலைக்காரன் ஓடிவந்து நாபாலின் மனைவி அபிகாயிலிடம் சொல்லும்போது, எஜமானிடம் ஒருவராலும் பேச முடியாது என்கிறான். அவள் கணவனிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், இருநூறு அப்பமும் ஐந்து ஆட்டின் கறியும் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு போய்த் தாவீதைத் தடுத்துவிடுகிறாள். திரும்பி வந்தால் நாபால் ராஜ விருந்து போல நடத்திக் குடித்து வெறித்துக் கிடக்கிறான். பொழுது விடியும்வரை சின்ன விஷயமோ பெரிய விஷயமோ எதையுமே அவள் அவனிடம் சொல்லவில்லை. காலையில், வெறி தெளிந்த பிறகு, எல்லாவற்றையும் சொன்னாள். ராத்திரி நாலாம் வசனம், காலையில் ஐந்தாம் வசனம். இடையில் ஆபத்தைத் தடுக்கும் வேலை மட்டும் நிற்கவில்லை, அதற்கு அவள் யார் சம்மதத்துக்காகவும் காத்திருக்கவில்லை. (கதையின் முடிவை உங்கள் அத்தானுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். நாபால் பத்து நாளில் செத்துப்போனான்.)

உங்கள் வீட்டுக்கு இது எப்படி? வாட்ஸ்ஆப் வீடியோவுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு நீங்கள் பதில் எழுதினால் யாரும் காப்பாற்றப்படப் போவதில்லை. உறவுக்காரர் முப்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள், நீங்களும் வசனத்துக்கு வசனம் எறிகிற ஆளாக மாறிப்போவீர்கள். அங்கே கொடாதே. அத்தையின் மாத்திரையில் மௌனம் காத்தால் ஓர் உயிருக்கு ஆபத்து. அங்கே கொடு. மௌனமாக இருப்பதுதான் கிறிஸ்தவத் தாழ்மை என்று நினைத்து மூன்று வாரம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேனோ என்று வருந்தியிருக்கிறீர்கள். உங்களுக்கு விஷயமே தெரியாது, வருந்த வேண்டியதில்லை. ஆனால் அந்த எண்ணம் தவறு. மௌனம் சில சமயம் தாழ்மை, சில சமயம் பயம், சில சமயம் வெறும் சோம்பல்.

உங்கள் அத்தான் மூடர்தானா?

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் நிறுத்த வேண்டியிருக்கிறது. நாலா, ஐந்தா என்று கேட்கும்போதே, எதிரில் இருப்பவர் மூடர் என்பதை நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். வேதம் அந்தப் பட்டத்தை அவ்வளவு சுலபமாகக் கொடுப்பதில்லை. நீதிமொழிகளில் விவரம் தெரியாமல் ஏமாறுகிறவன் பேதை, எதையும் கேலி செய்கிறவன் பரியாசக்காரன், எவ்வளவு சொன்னாலும் காது கொடுக்காதவன் மூடன். படிக்காதவனை அந்தப் புத்தகம் மூடன் என்று சொல்வதில்லை. இந்த மூவருக்கும் மேலே ஒரு ஆளை வைக்கிறது: "தன் பார்வைக்கு ஞானியாயிருப்பவனைக் கண்டாயானால், அவனைப்பார்க்கிலும் மூடனைக்குறித்து அதிக நம்பிக்கையாயிருக்கலாம்." இது 26:12. இதைப் படிக்கும்போது அத்தான் முகம் மட்டும் நினைவுக்கு வந்தால், இன்னொரு தரம் படியுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் கடந்துபோன ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. நாற்பது நாள் ஆஸ்பத்திரி, விற்ற மனை, வெறுங்கையோடு வீடு திரும்பிய ஒரு மனுஷன். வைத்தியத்தின் மேல் அவருக்குக் கோபம் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். "மாத்திரையெல்லாம் பைத்தியம்" என்று அவர் சொல்லும்போது, உபதேசத்தைக் காட்டிலும் துக்கம்தான் அதில் அதிகமாகப் பேசுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தாயையும் அந்தக் கட்டிலில் பார்க்கப் பயமாக இருக்கலாம். இது என் ஊகம்தான், நீங்கள் அருகில் இருந்து பார்த்தவர். ஆனால் இந்த இரண்டு வருடத்தில் அந்த நாற்பது நாளைப் பற்றி யாராவது அவரிடம் உட்கார்ந்து கேட்டீர்களா? எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் ராப்பகல் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

"உலகத்தின் ஞானம்" எது?

அந்த யோபு புத்தகத்துக்கும் அத்தான் பிடித்துக்கொண்டிருக்கும் வசனத்துக்கும் ஒரு விசித்திரமான தொடர்பு இருக்கிறது. 1 கொரிந்தியர் 3:19-ல் "இவ்வுலகத்தின் ஞானம் தேவனுக்கு முன்பாகப் பைத்தியமாயிருக்கிறது" என்று சொன்ன கையோடு, கொரிந்து சபைக்கு அந்தக் கடிதத்தை எழுதிய பவுல் ஒரு பழைய வாக்கியத்தை எடுத்துக் காட்டுகிறார்: "ஞானிகளை அவர்களுடைய தந்திரத்திலே பிடிக்கிறார்." இது யோபு 5:13. பேசியவன் எலிப்பாஸ், நோயில் கிடந்த யோபுவுக்குப் பிரசங்கம் செய்த சிநேகிதன். அதே எலிப்பாஸைப் பார்த்துத்தான் கடைசி அதிகாரத்தில் கர்த்தர், என்னைக்குறித்து நீங்கள் நிதானமானதைப் பேசவில்லை என்று கோபிக்கிறார். வாக்கியம் அதேதான். கொரிந்துவில் அது சரி, யோபுவின் சாம்பல் மேட்டில் தப்பு. எனக்கு இது முதல் தடவை உறைத்தபோது வேதத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நானும் எத்தனை பேரிடம் எலிப்பாஸாக இருந்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்க நேர்ந்தது.

கொரிந்து சபையில் என்ன பிரச்சினை? நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன், நான் கேபாவைச் சேர்ந்தவன் என்று கட்சி. யார் பேச்சில் வல்லவர், யார் பெரிய ஆள் என்கிற போட்டி. நம் ஊர்ச் சபைத் தேர்தல்களைப் பார்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெருமையைத்தான் பவுல் உலக ஞானம் என்று அடிக்கிறார். முந்தின வசனமும் "தன்னை ஞானியென்று எண்ணினால்" என்றுதான் பேசுகிறது. நீதிமொழிகள் சொன்ன அதே வியாதி. அங்கே டாக்டரும் இல்லை, பட்டப்படிப்பும் இல்லை. பவுலே கமாலியேல் என்ற யூத வேத ஆசிரியரின் பாதத்தில் படித்தவர், அத்தேனேயில் கிரேக்கப் புலவர்களை மேற்கோள் காட்டிப் பேசியவர், சிறையிலிருந்து புத்தகங்களைக் கொண்டுவரச் சொன்னவர். அவர் கூடவே பயணம் செய்த லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்று எழுதியிருக்கிறார்.

"பைத்தியம்" என்ற சொல்லும் கொஞ்சம் ஏமாற்றுகிறது. நாம் வாசிக்கும் பழைய தமிழ் பைபிள் திருப்புதல் 1871-ல் வந்தது. அந்த இடத்தில் அந்தச் சொல்லுக்கு மதியீனம் என்பதுதான் பொருள். 1995-ல் வந்த திருவிவிலியத்தில் "மடமை" என்று போட்டிருக்கிறார்கள். இன்றைக்குப் பைத்தியம் என்றால் நம் காதில் விழுவது வேறு. அத்தானும் அந்தக் காதோடுதான் வாசிக்கிறார்.

நீங்கள் மருந்தைப் பற்றிப் பேசினால் அவர் ஆசா ராஜாவை எடுப்பார், தயாராக இருங்கள். 2 நாளாகமம் 16:12, கால் நோயில் ஆசா "கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே தேடினான்." பரிகாரி என்றால் வைத்தியர். நியாயமான வசனம், மறுக்காதீர்கள். ஆனால் குற்றம் "கர்த்தரை அல்ல" என்பதில் இருக்கிறது. எசேக்கியா ராஜா மரணப் படுக்கையில் சுவர்ப்பக்கமாய்த் திரும்பி அழுது ஜெபித்தான், பதினைந்து வருடம் ஆயுசு கூடியது என்று ஏசாயா வந்து சொன்னார். சொன்ன அதே ஏசாயாதான், அத்திப்பழத்து அடையைக் கொண்டுவாருங்கள் என்றார். பிளவை என்ற சீழ்க்கட்டியின்மேல் பற்றுப் போட்டார்கள், பிழைத்தான். பிளவை என்றால் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு உடனே சர்க்கரை வியாதிதான் ஞாபகம் வரும். அத்தையிடம் பேசும்போது இந்த ஒரு கதை போதும் என்று நினைக்கிறேன்.

இதே எசேக்கியாவின் ஆட்கள்தான் நீதிமொழிகளின் அந்தப் பகுதியைப் பேர்த்தெழுதியவர்கள், 25:1 அப்படிச் சொல்கிறது. அசீரிய ராஜா அனுப்பிய ரப்சாக்கே எருசலேம் மதிலுக்கு வெளியே நின்று ஏசியபோது, அவனுக்கு மறுஉத்தரவு சொல்ல வேண்டாம் என்று ஜனங்களுக்குக் கட்டளையிட்டவனும் இவனே. மதில்மேல் மௌனம், நோயில் மருந்து.

நீங்கள் சொன்ன அந்த வார்த்தை

எரிநரகம் என்று பயந்து திருவிருந்தை விட்டுவிட்டீர்கள். மத்தேயு 5:22-ல் உள்ள சொல் கிரேக்கத்தில் "மோரே." அதே இயேசு 23-ம் அதிகாரத்தில் பரிசேயரைப் பார்த்து "மதிகேடரே, குருடரே" என்கிறார், அங்கேயும் அதே சொல்தான், பன்மையில். தமிழில் வேறு வேறு சொல் போட்டதால் நமக்குத் தெரிவதில்லை. பவுல் கலாத்தியரைப் புத்தியில்லாதவர்களே என்று கூப்பிட்டார். அபிகாயில் தாவீதின் முன்னால் நின்று தன் புருஷனையே பேருக்கேற்ற ஆள் என்றாள். எனவே அது நாவால் தொட்டாலே சுட்டுவிடும் மந்திரச் சொல் கிடையாது. அந்த வசனம் தொடங்குவது கோபத்தில். சகோதரனை ஒன்றுக்கும் உதவாதவன் என்று மனதுக்குள் தள்ளிவைப்பதைத்தான் அது கொலையோடு சேர்த்துப் பேசுகிறது.

இதைச் சொல்வது உங்களை லேசாக விட்டுவிடுவதற்காக இல்லை. அன்றைக்கு நீங்கள் சொன்னது திருத்துவதற்கான சொல்லா, ஆளைத் தள்ளுவதற்கான சொல்லா என்பது உங்களுக்குத்தான் தெரியும். கடிதத்தின் தொனியைப் பார்த்தால் இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும். அவர் 22-ஐ வாசித்துவிட்டுப் போய்விட்டார், நீங்களும் அங்கேயே நின்றுவிட்டீர்கள். 23, 24 அடுத்தே இருக்கிறது. காணிக்கையைப் பீடத்தில் வைத்துவிட்டுப் போய், "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து" செலுத்து என்கிறது. திருவிருந்துக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து அழுவதை அந்த வசனம் கேட்கவே இல்லை.

மகனுக்கு

பிரசங்கி புத்தகத்தை வேறு எடுத்துக் காட்டினான் என்கிறீர்கள். "அதிக ஞானத்திலே அதிக சலிப்புண்டு" என்று முதல் அதிகாரத்தில் சொன்னவர், அடுத்த அதிகாரத்திலேயே இருளைவிட வெளிச்சம் எப்படியோ அப்படி மதியீனத்தைவிட ஞானம் உத்தமம் என்கிறார். அதற்கும் அடுத்த வசனத்தில் ஞானிக்கும் மூடனுக்கும் முடிவு ஒன்றுதான் என்று முனகுகிறார். பிரசங்கியையும் ஒதுக்கிவைக்கலாமா என்று தால்முத்தில் பேச்சு நடந்திருக்கிறது. அவனுக்கு நீங்கள் பதில் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டாம். ஒரு மனுஷன் வாழ்ந்து பார்த்து, சொன்னதைத் தானே மறுத்து, திரும்பவும் யோசித்து எழுதிய புத்தகமாக அதை வாசிக்கச் சொல்லுங்கள். இருபது வயதுக்கு அந்தப் புத்தகம் பிடிக்கும். அவன் கேள்வி கேட்டதையும் அத்தான் மாத்திரையை நிறுத்தச் சொன்னதையும் ஒரே தராசில் போட்டு "வீடே விசுவாசத்தை விட்டுப் போகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றில்லை. பையன் கேள்வியோடு உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

ஜெபக்குழுத் தலைவரைப் போய்ப் பார்க்கலாமா என்ற கேள்விக்கு, இப்போது வேண்டாம் என்பேன். மருந்தை நிறுத்தச் சொன்னது குழுவின் போதனையா, அத்தானின் சொந்த முடிவா என்று உங்களுக்கே தெரியவில்லை. முதலில் உங்கள் கணவர் அண்ணனிடம் அதைக் கேட்கட்டும். அண்ணன் தம்பிக்குள் நடக்க வேண்டிய பேச்சு அது. இதுவரை முழுப் பாரத்தையும் நீங்கள்தான் சுமந்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. உங்கள் கணவர் கடிதத்தில் இரண்டே இடத்தில்தான் வருகிறார். குழுவே அப்படித்தான் போதிக்கிறது என்று தெரிந்தால், உங்கள் சபைப் போதகரான சேகர ஐயரை அழைத்துக்கொண்டு போகலாம், தனியாகப் போக வேண்டாம்.

அத்தானைப் பார்க்க நீங்கள் போங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து நாலு பேர் நிற்கும்போது வேண்டாம். வாரநாளில் ஒரு சாயங்காலம், அவருக்குப் பிடித்ததாக ஏதாவது செய்து எடுத்துக்கொண்டு போங்கள். "அன்னைக்கு அந்த வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது அத்தான், மன்னிச்சிடுங்க" என்று சொல்லுங்கள். "ஆனாலும்" என்று ஒரு வார்த்தை நாக்கு நுனிக்கு வரும், அதை மட்டும் விழுங்கிவிடுங்கள். அவர் மனைவியைப் பற்றிப் பேச்செடுத்தால் உட்கார்ந்து கேளுங்கள். மாத்திரையைப் பற்றி அன்றைக்குப் பேச வேண்டாம். அதற்குள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்கும், அந்தப் பேச்சை உங்கள் கணவர் இன்னொரு நாள் எடுக்கட்டும்.